எதிராளியின் முறை

எதிராளி காய் நகர்த்த வேண்டிய காலம் முழுவதும் பினாங்கு ஆயர் ஈத்தாமில் குடியிருக்கும் நாதனுக்கு வயது ஏறுவதில்லை. நகம் வளராது, முடி நரைக்காது. சவரத்தில் தாடையில் விழுந்த கீறல்கூட ஆறாமல் அப்படியே நின்றது. இதை முதலில் கண்டுபிடித்தவர் முடிவெட்டும் ஜபருல்லா. "போன மாசம் வெட்டினது அப்படியே இருக்கே அண்ணே, எதுக்கு வந்தீங்க?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

நாதன் பாயான் லெப்பாஸில் ஒரு கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலையின் சூப்பர்வைசர். இணையத்தில் அஞ்சல்வழிச் சதுரங்கம் ஆடுவார். அந்த ஆட்டத்தில் ஒரு காயை நகர்த்த வாரக்கணக்கில் யோசிக்கலாம், கம்ப்யூட்டரையும் உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். அப்படி உதவி பெறும் மனிதர்களை ஆள் தலையிடாமல் தானாகவே ஆடும் செஸ் புரோகிராம்களோடு மோதவிட்ட ஒரு போட்டியில் அவருக்கு வாய்த்த புரோகிராம், கொடுத்த அவகாசத்தைக் கடைசி நிமிடம்வரை தின்றது. இவரோ பதிலைத் தயாராக வைத்திருந்து உடனே அனுப்பிவிடுவார். மறுபடி அதன் முறை. ஆட்டம் டிராதான் என்று எப்போதோ தெரிந்துவிட்டது. ஆனால் டிரா கேட்டால் மறுக்கும்படியே அந்தப் புரோகிராமை எழுதியிருந்தார்கள்.

வருஷங்கள் ஓடின. அவர் மனைவி பிரிஸில்லாவுக்கு மூட்டுவலி வந்தது, கண்ணாடி வந்தது, எரிச்சல் வந்து போகாமலே தங்கிவிட்டது. கல்யாணத்தின்போது அவர் அவளைவிட நான்கு வயது மூத்தவர். இப்போது புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவில் மெழுகுவத்தி விற்றவள், "தம்பிக்கும் ஒண்ணு வாங்குங்கக்கா" என்றாள். பிரிஸில்லா ஒன்றும் வாங்காமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"தோத்துட்டேன்னு ஒரு பட்டன் அமுக்கினா என்னங்க?"

"டிரா ஆகிற ஆட்டத்தை எப்படி விடறது? கொஞ்சம் பொறுலா."

"நான் கிழவியாகிற வரைக்குமா?"

போட்டி நடத்துபவர்களுக்கு எழுதினாள். விதி எதுவும் மீறப்படவில்லை என்று பதில் வந்தது. பங்குச் சாமியாரிடம் போனாள். புருஷன் ஆரோக்கியமாக இருப்பதற்கு நன்றி சொல்லச் சொன்னார். அன்று வீட்டில் பாத்திரங்கள் ரொம்ப நேரம் சத்தம் போட்டன.

பிறகு அவளே ஆடக் கற்றுக்கொண்டாள். பழைய லேப்டாப் ஒன்றை உதவிக்கு வைத்துக்கொண்டு நாதனுக்குச் சவால் அனுப்பினாள். அவர் சிரித்துக்கொண்டே ஏற்றார். அவர் காயை நகர்த்தி நாற்காலியைவிட்டு எழுவதற்குள் அவளுடைய பதில் வந்து நின்றது. எப்போது பார்த்தாலும் அவர் முறைதான். பெண்டாட்டியிடம் தோற்றால் தொழிற்சாலை பஸ்ஸில் ஏற முடியாது என்ற பயத்தில், ஒவ்வொரு காய்க்கும் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார். ஒரு ஆட்டத்திலாவது தன் முறை வந்து நின்றால் வயது ஓடத்தான் செய்தது. கீறல் ஆறியது. தலைமுடி வளர்ந்தது, அப்புறம் நரைத்தது. பிரிஸில்லாவின் நகங்கள் வெட்ட வேண்டாத அளவிலேயே நின்றன. பக்கத்து வீட்டு வடிவம்மாள் அவளை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, பசாரில் மீன் விலை ஏறிவிட்டதைப் பற்றிப் பேசினாள்.

இப்படியே நாதன் மனைவியின் வயதை எட்டினார், தாண்டினார், பழையபடி நான்கு வருஷம் மூத்தவரானார். அன்று காலை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அடுப்படிக்கு வந்தார்.

"கணக்கு சரியாயிடுச்சு. அமைதியா டிரா வச்சுக்கலாம். என்ன சொல்றே?"

பிரிஸில்லா அவருடைய வெள்ளை மீசையை நிதானமாகப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு வருஷம் போகட்டுங்க," என்று தோசையைத் திருப்பிப் போட்டாள். "உங்க முறைதான். போய் யோசிங்க."