ஜெஸி வெட்டிய நுனி

மூங்கில்துறைப்பட்டில் இருந்துகொண்டு மூங்கில் நார் நூலை ஆன்லைனில் வரவழைத்தவள் ஜூலியா ஒருத்திதான். பார்சலைப் பிரித்தபோது, சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் அவள் கணவன் அமல், "இந்த வெயில்ல யாராவது ஸ்வெட்டர் பின்னுவாங்களா?" என்றான். வெயிலுக்குத்தான், கையில்லாத டாப் என்று சொல்லிப் பார்த்தாள். ஊசியில் பின்னுவதெல்லாம் அவனுக்கு ஸ்வெட்டர்தான்.

மாதா திருவிழாவுக்கு அமலின் அக்கா ஜெஸி திருக்கோவிலூரிலிருந்து வந்தாள். வங்கியில் அதிகாரி. எதிலும் ஒரு குறை சொல்லாமல் அவளுக்கு நாள் போகாது. அப்படிப்பட்டவள், கொடியில் காய்ந்த இளம்பச்சை டாப்பை எடுத்துத் தன்மேல் வைத்துப் பார்த்தாள்.

"உனக்கு இது லூசா இருக்கும். பூசைக்கு நான் போட்டுக்கினு போறேன்."

"இன்னும் முடிக்கலங்க அண்ணி. தோள்ல நூல் நுனி தொங்குது பாருங்க. கம்பளின்னா தானா ஒட்டிக்கும். இது வழுக்குற நூலு. நுனிய ஊசில கோத்து, உள்பக்கமா போய்த் திரும்பி வந்து தச்சாத்தான் நிக்கும்."

"ஒரு நூலுக்கு இவ்ளோ கதையா?" ஜெஸி கத்தரிக்கோலை எடுத்து நுனியை ஒட்ட வெட்டினாள். "இப்ப நீட்டா இருக்கு."

ஜூலியா தரையில் விழுந்த நுனியைப் பொறுக்கிக் குப்பையில் போட்டாள்.

பிரசங்கத்தின்போது தோளில் பின்னலின் முதல் கண்ணி கழன்றது. தொட்டுப் பார்த்தாள் ஜெஸி, அடுத்ததும் கழன்றது. வலது கையால் இடது தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் கைகூப்பியபோதும் எடுக்கவில்லை. எடுத்தால் டாப் இறங்கிவிடும். தலைகுனிந்து, கண்ணை மூடி, மானத்தைக் காப்பாற்றும்படி மாதாவிடம் மன்றாடினாள். கண்ணீரே வந்துவிட்டது. பல வருஷங்களில் அவள் மனதாரச் செய்த ஜெபம் அதுதான்.

பக்கத்தில் இருந்த ஜூலியா தன் துப்பட்டாவைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவும் செய்தாள், பூசை முடிகிற நேரத்தில்.

வாசலில் ஃபாதர் ஜெஸியை நிறுத்தினார். "பூசை முழுக்க நெஞ்சில கை வச்சிக்கிட்டு அழுததப் பார்த்தேன்மா. இப்படி ஒரு பக்தி இப்ப யாருக்கு வருது? சாயந்தரம் ஜெபமாலைய நீங்கதான் நடத்தணும்."

"சரிங்க ஃபாதர்," என்றாள் ஜெஸி. வேறென்ன சொல்ல முடியும்?

வீட்டுக்கு வந்து டாப்பை ஜூலியாவின் மடியில் போட்டாள். "இன்னா நூலு இது, கருமம். சாயந்தரத்துக்குள்ள தச்சிக் குடு. யாருகிட்டயும் சொல்லாத."

ஜூலியா கழன்ற கண்ணிகளை ஊசியில் பிடித்தாள். புது நூல் இணைத்து, ஒரு பக்கம் ஓட்டி, எதிர்ப்பக்கம் திருப்பி, நூலின் புரிகளைப் பிளந்து குத்தித் தைத்தாள். இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. அறைக்குள் ஜெஸி தம்பியிடம் தணிந்த குரலில், "ஏன்டா, ஜெபமாலைல முதல்ல எது வரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜெபமாலை நன்றாகவே நடந்தது. இப்போது பெண்கள் ஜெபக் குழுவுக்கே ஜெஸிதான் தலைவி. சனிக்கிழமை மதியமே பஸ் பிடித்து வந்துவிடுகிறாள். தங்கி, ஞாயிறு பூசை முடித்து, சாப்பிட்டுத்தான் கிளம்புகிறாள். சமைப்பது ஜூலியா.