இரட்டை அகலம்

ஜோடிக்கு ஓர் அறை. இது அண்ணன் வைத்த சட்டம். வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பம் மொத்தமும் ஏரிக்கரை விடுதிக்குக் கிளம்பும். அங்கே நான்கு அறை, இங்கே நான்கு ஜோடி. அவர் தங்கை கர்ட்டன் அக்காவும் ஒரு காலத்தில் ஜோடியாகப் போனவள்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் கண்ணை மூடினார். அதே வருஷம் அண்ணனின் சின்ன மகனுக்குக் கல்யாணம் ஆனது. அறை கைமாறிவிட்டது, அக்காவுக்குக் கூடத்தில் பாய்.

கூடத்தில் அவளுக்கு ஒரு பக்கம் பெட்டிகள், இன்னொரு பக்கம் செருப்புகள். கழிப்பறைக்கு எழுந்தவர்கள் விளக்கைப் போட்டுவிட்டு அவளைத் தாண்டிப் போவார்கள். சமையலறை வாசலிலேயே கிடக்கிறாளே, விடிந்தால் முதல் டீயும் அவள் தலையில்தான். "என் தங்கச்சி எதுக்கும் முகம் சுளிக்க மாட்டா, அனுசரிச்சுப் போவா" என்று அண்ணன் ஊரெல்லாம் பெருமை பேசுவார். அனுசரித்துப் போகிறவர்களுக்குச் செருப்புக்குப் பக்கத்தில்தான் இடம் என்று அக்காவுக்குப் புரிய மூன்று வருஷம் பிடித்தது. புரிந்த பிறகு மூன்று நாள்கூடப் பொறுக்கவில்லை.

"சனிக்கிழமை கிளம்பறோம், காலையில ஆறு மணிக்கு வேன் வரும்" என்று அண்ணன் போனில் சொன்னார்.

"வரேண்ணே. ஆனா வேன்ல இல்ல. கூடத்துலயும் படுக்க மாட்டேன். என் ரூமை நானே ஓட்டிக்கிட்டு வரேன்."

"ரூமை ஓட்டிக்கிட்டா? உடம்புக்கு எதுவும் சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்று போனை வைத்தாள்.

வாயை விட்டாயிற்று, இனி வண்டியைத் தயார் செய்ய வேண்டும். வண்டி என்பது வீட்டுக்காரர் விட்டுப்போன பிக்கப். ஏணியும் திரைக் கம்பிகளும் துணிச் சுருள்களும் ஏற்றிக்கொண்டு, வீடு வீடாகப் போய் ஜன்னலுக்குத் திரை மாட்டுவதுதான் இருவருக்கும் பிழைப்பு. அவர் போன பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டு இவளே ஓட்டுகிறாள். திங்கட்கிழமை காலையில் மறுபடியும் ஏணி ஏற வேண்டிய வண்டி என்பதால் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. எல்லாம் பத்து நிமிஷத்தில் ஏற வேண்டும், பத்து நிமிஷத்தில் இறங்க வேண்டும். புதிதாக எதையும் வாங்கவும் கூடாது. பட்டறையில் மிஞ்சிக் கிடப்பதே போதும்.

பின்பக்கத் தொட்டியில் சக்கரங்களின் மேல்மூடி இரண்டு பக்கமும் திண்டுபோல மேடாக நின்றது. இரண்டிலும் தாங்கும்படி ஒரு பழைய கதவை நீளவாக்கில் படுக்கப் போட்டாள். கட்டில் தயார். கதவுக்கு அடியில் கிடைத்த இடத்தில் துணிப்பெட்டி, தண்ணீர் கேன், சின்ன அடுப்பு. யார் வீட்டு சோபாவிலோ இருந்து கழித்த பஞ்சுத் துண்டுகளைச் சேர்த்து மெத்தை தைத்தாள். கொசுவுக்கு, மிஞ்சிய வலைத்திரை. வண்டி விளிம்பின் துளைகளில் தலைப்பக்கம் ஒன்றும் கால்பக்கம் ஒன்றுமாகத் திரைக் கம்பிகளை நட்டு, மேலே நீளக் கம்பியைக் கட்டினாள். அதுதான் முகடு. படுத்துப் பார்த்தாள். கால் நீட்டியும் ஒரு சாண் மிச்சமிருந்தது. அந்த ஒரு சாணைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மிச்சமிருந்தது கூரை ஒன்றுதான். கடை வாசலுக்கு வெயில் மறைப்புத் தைத்ததில் மிஞ்சிய கித்தான் சுருள் ஒன்று மூலையில் நின்றது, மழைக்கும் தாங்கும். ஒரு பக்கக் கொக்கியில் தொடங்கி முகட்டைத் தாண்டி மறுபக்கக் கொக்கிவரை அளந்தாள். ஏழடி. தாளில் எழுதிக்கொண்டாள், வெட்டினாள், மூட்டினாள், ஓரம் மடித்து வளையமும் அடித்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வண்டிமேல் விரித்துப் பார்த்தால், ஒரு பக்கம் துணி வழிந்து தரையில் புரள்கிறது. துணியை அளந்தாள். பதினாலடி!

தலையில் அடித்துக்கொண்டாள். திரைத்துணிக்கு எப்போதுமே ஜன்னலைப்போல இரண்டு மடங்கு அகலம் வெட்ட வேண்டும். அப்போதுதான் மடிப்பு விழும். நாலடி ஜன்னலுக்கு எட்டடித் துணி. இருபத்தைந்து வருஷப் பழக்கம், அவளைக் கேட்காமலே கை இரண்டால் பெருக்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்தா அண்ணன் வர வேண்டும்? வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இது என்னம்மா, வண்டிக்குப் பாவாடை கட்டி விட்டிருக்கே?"

"கூரைண்ணே."

"கூரை தரையிலயா கிடக்கும்? பாதியை வெட்டி எறி. இல்லாட்டி மொத்தத்தையும் சுருட்டி வச்சிட்டு எங்களோட வேன்ல வா. ஊர் என்ன பேசும்? தங்கச்சியைத் தெருவுல படுக்க வச்சான்னு பேசாதா?"

"கூடத்துல படுக்க வச்சப்ப பேசலையே."

அண்ணன் முகம் சுருங்கியது. "மழை வந்தா என்ன பண்ணுவே? ஓடி வந்துடு. பாயை எடுத்து வைக்கச் சொல்றேன்."

"மழை வந்தாலும் வர மாட்டேன்."

"பார்க்கலாம்."

"பாருங்க."

அவர் போனதும் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். உண்மையைச் சொன்னால், அவர் வெட்டச் சொல்லாமல் இருந்திருந்தால் வெட்டியிருப்பாள். சொல்லிவிட்டாரே! கத்தரிக்கோலை ஆணியில் மாட்டினாள். மிச்சத் துணியைச் சுருட்டி, திரையை ஒதுக்கிக் கட்டும் பட்டையால் வண்டியின் பக்கவாட்டில் இறுக்கிக் கட்டினாள். போகிற போக்கில் இன்னும் இரண்டு கம்பியையும் தூக்கிப் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை விடுதிக்கு எதிரே ஏரிக்கரைப் பொட்டலில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்தாள். பத்து நிமிஷம் என்று நினைத்தது எட்டு நிமிஷத்தில் முடிந்தது. விடுதித் தாழ்வாரத்தில் நின்ற மருமகள்கள் கையசைத்தார்கள், மகன்கள் போட்டோ எடுத்தார்கள், அண்ணன் வானத்தைப் பார்த்தார். வானம் அவர் பக்கம்தான் இருந்தது. மூன்று மணிக்கெல்லாம் கறுத்துக்கொண்டு வந்து கொட்டத் தொடங்கியது.

அக்கா உள்ளே உட்கார்ந்து கூரையையே பார்த்தாள். ஒரு சொட்டு ஒழுகினால் போதும், மறுபடியும் செருப்புப் பக்கம்தான். அப்புறம் காலம் முழுக்க அனுசரிக்க வேண்டியதுதான். கொக்கியருகே துணி தொய்ந்து தண்ணீர் தேங்கியது. துடைப்பக் கட்டையால் முட்டித் தள்ளினாள். சாரல் மட்டும் பக்கவாட்டில் அடித்தது. சட்டென்று குதித்து இறங்கினாள். பட்டையை அவிழ்த்து, சுருட்டி வைத்த ஏழடியை இழுத்து, இரண்டு கம்பியையும் தரையில் ஊன்றிக் கட்டினாள். வண்டிக்குப் பக்கத்தில் ஒரு திண்ணமான தாழ்வாரம் முளைத்தது. சாரல் நின்றது. அடுப்பை அங்கே வைத்தாள். கை செய்த தப்புக்காக அந்தக் கையையே முத்தமிடத் தோன்றியது.

குடைகூட இல்லாமல் அண்ணி ஓடி வந்தாள், தலை முழுக்க ஈரம்.

"உங்க அண்ணன் கூட்டிட்டு வரச் சொன்னாரு. பாய் போட்டாச்சாம்."

"முதல்ல உள்ள ஏறுங்க அண்ணி."

அண்ணி தலையைத் துவட்டிக்கொண்டு மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள். தயங்கித் தயங்கி ஓரமாகச் சாய்ந்தாள். மழை கித்தானில் விழும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ரூம் இருக்குதான். ஆனா இருபது வருஷத்துல ஒரு மத்தியானம்கூட அதுல படுத்ததில்ல. இந்நேரம் டீக்குப் பால் வச்சிருப்பேன்."

அக்கா தலையணையை நகர்த்திக் கொடுத்தாள். இத்தனை நாள் தான் ஒருத்திதான் இடமில்லாதவள் என்று நினைத்திருந்தாள். அண்ணிமேல் முதல்முறையாகப் பாசம் பொங்கியது. இருவரும் கால் நீட்டிப் படுத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் குடையோடு அண்ணனே வந்து நின்றார்.

"தூது போனவளையும் காணோம்! நாலு மணி ஆச்சு, டீ கிடையாதா?"

அண்ணி பழக்கத்தில் துள்ளி எழுந்தாள். அக்கா அவள் தோளில் கை வைத்தாள்.

"படுங்க அண்ணி."

"மழைம்மா..." என்றார் அண்ணன்.

"உங்க மேல விழுதாண்ணே?"

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். வெட்டி எறியச் சொன்ன துணிக்கு அடியில்தான் நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் மழை கொட்டியது. குடையை மடக்கினார்.

"அடுப்பு உங்க காலடியிலதான் இருக்கு. பாலும் இருக்கு. மூணு பேருக்குப் போடுங்க" என்றாள் அக்கா.

"நானா?"

அண்ணி மறுபடியும் கால் நீட்டிப் படுத்தாள். அவர் முணுமுணுத்தபடி குனிந்தார். தீக்குச்சி உரசும் சத்தம் மூன்று தடவை கேட்டது. நாலாவதில் பற்றியது. பெட்டிகளைத் திறந்து மூடினார், ஒரு கரண்டியைக் கீழே போட்டார்.

"சர்க்கரையை எங்கம்மா வச்சிருக்கே?"

கர்ட்டன் அக்கா எழுந்திருக்கவில்லை. படுத்த வாக்கிலேயே சொன்னாள்.

"தேடுங்கண்ணே."