மாமா ஏறினால் எவ்வளவு அமுங்கும்

காட்டு பைக் பந்தயத்துக்கு வண்டி தயார் செய்கிறவனிடம் எடையை மறைத்துப் பயனில்லை. டாக்டரிடம் மறைக்கலாம், கட்டினவளிடம் மறைக்கலாம், ஸ்பிரிங்கிடம் முடியாது. ஏறி உட்கார்ந்தால் அமுங்கும். எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவுதான் ஆள். இது தெரியாதவர் அல்ல மாமா. தெரிந்துதான் அந்த வேலையைச் செய்தார்.

மாமா என்றால் மெக்கானிக்கின் அக்கா வீட்டுக்காரர். நாற்பத்தேழு வயது. பந்தயக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'மூட்டை'. ஹெல்மெட், பூட்ஸ், முதுகில் தண்ணீர்ப் பை எல்லாம் சேர்த்தால் நூற்று நான்கு கிலோ. அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு, வேரும் சேறும் வழுக்குப் பாறையுமாக மூன்று மணி நேரம் நீளும் பந்தயத்தில் பதினோரு வருடமாக ஓட்டுகிறார். ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. ஒரு தடவைகூடப் பாதியில் திரும்பியதும் இல்லை.

ஒவ்வொரு வருடமும் பந்தய ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரம் மூன்று பேரும் கடையில் கூடுவார்கள். மாமா முழு உடுப்பில் வண்டிமேல் ஏறுவார். அக்கா முன்னால் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்வாள். மெக்கானிக் பின்சக்கர அச்சிலிருந்து மட்கார்டு வரை டேப் பிடித்து, சக்கரம் தொங்கும்போது இருந்த உயரத்தில் எத்தனை மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது என்று படிப்பான். நூற்றைந்து வர வேண்டும். கூடினால் வண்டி பின்னால் குந்திக்கொள்ளும், முன்சக்கரம் சொன்ன பேச்சு கேட்காது. குறைந்தால் ஒவ்வொரு வேரும் பின்பக்கத்தைத் தூக்கி எறியும்.

"உங்களுக்குப் போடுற ஸ்பிரிங்கை லாரிக்குப் போடலாம் மாமா."

"எல்லாம் உங்க அக்கா கைப்பக்குவம் மாப்ள."

அக்கா ஹேண்டில்பாரை விடுவதுபோல் பாசாங்கு செய்வாள். மாமா அலறுவார்.

இந்த வருடம் மாமா புதன்கிழமை மதியமே தனியாக வந்து நின்றார். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அந்த நேரத்துக்கு வர முடியாது.

"அவ எதுக்கு? வண்டியைச் சுவரோரமா நிறுத்து, நான் முழங்கையை ஊனிக்கிறேன். நீ அள."

அளந்தான். நூற்றைந்து. அப்பழுக்கில்லாத நூற்றைந்து. ஹெல்மெட்டுக்குள் முகம் கொஞ்சம் வாடித் தெரிந்தது. கேட்டதற்கு "வயசாகுதுல்ல" என்றார் மாமா.

கடைக்குப் பின்னால் விலைபோகாத நிலம் ஒன்று மரம் மண்டிக் கிடந்தது. வெள்ளோட்டம் அங்கேதான். மாமா ஒரு சுற்றுப் போய் வந்தார்.

"பின்னாடி உதைக்குது மாப்ள."

மெக்கானிக் ஷாக்கின் திருகை இரண்டு கிளிக் இளக்கினான். உதைத்தது. இன்னும் மூன்று இளக்கினான். அப்போதும் உதைத்தது. முன் ஃபோர்க்கில் ஒரு ரப்பர் வளையம் உண்டு, ஃபோர்க் எவ்வளவு தூரம் அமுங்கியது என்பதற்கு அதுதான் சாட்சி. வழக்கமாக அடியில் இரண்டு விரல்தான் மிச்சமிருக்கும். இன்று முழுக் கை அகலம் மிச்சமிருந்தது.

அவனுக்கு வேர்த்தது. எண்ணெய் அவன் ஊற்றியது, சீல் அவன் மாற்றியது. தப்பு என்றால் அவன் கைத்தப்புதான். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக மாமாவை ஒரு கெட்ட வண்டியில் காட்டுக்குள் அனுப்பப் போகிறோமே என்று பயந்தான்.

"எல்லாத்தையும் கழட்டிப் பாத்துடறேன். அதுக்கு முன்னாடி இன்னொரு தடவை அளந்துடலாம் மாமா."

"அதான் அளந்தாச்சே."

"இன்னொரு தடவை."

மாமா கொஞ்சம் யோசித்தார். "இரு, தண்ணிப் பையை எடுத்துட்டு வர்றேன். முதுகை அறுத்துதுன்னு மரத்தடியில கழட்டி வச்சேன்."

போனவர் வரவில்லை. மெக்கானிக் தேடிப் போனான். மாமா மரத்தடியில் குந்தியிருந்தார். பக்கத்தில் தேய்ந்த பற்சக்கரங்கள், அறுந்த செயின், பழைய பேரிங்குகள். சத்தம் வராதபடி ஒவ்வொன்றையும் துண்டில் சுற்றி மறுபடி பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் மெக்கானிக்கின் கடைக் கழிவுப் பீப்பாயிலிருந்து சுட்டவை.

"அது என் கடைச் சாமான் மாமா."

மாமா திரும்பவில்லை. "திருப்பிக் கொடுத்துடுவேன்."

"எத்தனை கிலோ?"

"ஒன்பது."

மெக்கானிக்குக்கு முதலில் வந்தது கோபம்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறார், அதுவும் தன்னிடம். பிறகுதான் ஒன்பது கிலோ என்பது என்னவென்று உறைத்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. அவரருகே மண்ணில் உட்கார்ந்தான்.

"மூணு மாசமா இறங்கிட்டே போகுது" என்றார் மாமா. "சாப்பிடவே பிடிக்கல."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனா அவர் ஒண்ணு சொல்லுவார். சொல்லிட்டா அப்புறம் வண்டியாவது காடாவது. ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு தடவை, எதுவும் தெரியாம ஓட்டிட்டு வந்துடறேன் மாப்ள. உங்க அக்காகிட்ட சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன்" என்றான் மெக்கானிக்.

கடைக்குத் திரும்பியதும் திருகுகளைப் பழையபடி வைத்தான். பிறகு அக்காவுக்குப் போன் செய்தான். "வண்டியைப் பிடிக்க ஆள் வேணும்க்கா. பள்ளிக்கூடம் விட்டதும் நேரா வா."

மாமா முறைத்தார். "சொல்ல மாட்டேன்னியே."

"நான் எங்க சொன்னேன்? டேப் சொல்லும்."

மாமா எழுந்து போயிருக்கலாம், வாசல் திறந்துதான் கிடந்தது. போகாமல் முழு உடுப்போடு முக்காலியில் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, அக்கா வரும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா விடைத்தாள் கட்டோடு வந்தாள். வந்ததும் வராததுமாக, "நான் இல்லாம அளக்கப் பாத்தீங்களா?" என்று ஹேண்டில்பாரைப் பிடித்தாள். பையில் இப்போது வெறும் தண்ணீர். மாமா ஏறினார்.

"தொண்ணூத்தஞ்சு" என்றான் மெக்கானிக்.

"தப்பாப் படிக்கிற. மறுபடி பாரு."

மறுபடி பார்த்தான். தொண்ணூற்றைந்துதான்.

"ஸ்பிரிங்கை மாத்துனியா?"

"இல்லக்கா."

"முடுக்குனியா?"

"தொடவே இல்ல."

கணக்கு டீச்சருக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பத்து மில்லிமீட்டர் எத்தனை கிலோ என்பது பதினோரு வருடம் அந்த வண்டியைப் பிடித்தவளுக்குத் தெரியாதா? அவள் மாமாவின் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

"நீங்க பந்தயத்துக்காக ஒண்ணு ரெண்டு கிலோ இளைக்கிறீங்கன்னு நினைச்சேன்." அவள் குரல் உடைந்தது. "பெல்ட்டுல ஓட்டை போட நான்தானே ஆணி எடுத்துக் கொடுத்தேன். ராத்திரி உங்களுக்கு அளந்து அளந்து போட்டேனே. ரெண்டாந்தடவை கேக்குறதே இல்லைன்னு பள்ளிக்கூடம் பூராவும் பெருமையடிச்சுட்டுத் திரிஞ்சேனே."

"நீ கொட்டிப் போட்டிருந்தாலும் என்னால சாப்பிட்டிருக்க முடியாதுடி."

"அதைச் சொல்றதுக்கென்ன?"

கண்ணீர் தாடைவரை இறங்கிவிட்டது. கையை எடுத்தால் வண்டியோடு மாமா சாய்ந்துவிடுவார். அதனால் அவள் துடைத்துக்கொள்ளவில்லை. மெக்கானிக் டேப்பைக் கீழே வைத்தான். எழுந்து போய் ஹேண்டில்பாரை வாங்கிக்கொள்ளப் பார்த்தான். அவள் தரவில்லை.

"பயமா இருந்துச்சு" என்றார் மாமா. பதினோரு வருடத்தில் எந்தப் பள்ளத்தைப் பார்த்தும் அவர் சொல்லாத வார்த்தை அது.

"எனக்கும்தான் பயமா இருக்கு. இறங்குங்க, டாக்டரைப் பாக்கலாம்."

"இப்பவா? பூட்ஸையாவது கழட்டிக்கிறேன்."

"இப்படியே வாங்க. கழட்ட விட்டா வேற யோசனை வந்துடும்."

"ஞாயித்துக்கிழமை?"

அக்கா ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தாள். "டாக்டர் சரின்னா ஓட்டுங்க. நானே பிடிச்சு ஏத்தி விடறேன்." பிறகு மெக்கானிக்கைப் பார்த்தாள். "தம்பி, இவருக்கு மெல்லிசு ஸ்பிரிங்காப் பாத்துப் போட்டு வை. இப்ப இருக்கிற உடம்புக்குத் தகுந்தாப்ல."

மெக்கானிக் தலையாட்டினான்.

மாமா அக்காவின் தோளில் கையூன்றி, ஒரு காலைத் தூக்கிப் போட்டு இறங்கினார். ஒவ்வொரு வருடமும் அந்த நேரத்தில் "ஐயோ, நசுங்கிப் போனேனே!" என்று கடையே அதிர அக்கா கத்துவாள். அன்று கத்தவில்லை.