ஆணையத்தின் பலகை திறப்பு விழா

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: இந்நகரின் வானலைகள் இன்று முதல் தூய்மையானவை. அனுமதி பெறாத ஒரு முணுமுணுப்புகூட இனி காற்றில் உலவாது. இந்த மகத்தான செய்தியை ஊருக்குச் சொல்ல, ஒலிபரப்பு மற்றும் தொலைத்தொடர்பு ஒழுங்காற்று ஆணையம் தன் வாசல் வளைவின் மேல், லாரி அகலத்துக்கு ஒரு மின்னொளிப் பலகையை நிறுவியிருக்கிறது. அமைச்சர் திரை விலக்குவார். பொதுமக்கள் திரளாக வருக. ஊழியர்கள் கட்டாயம் வருக.

கடைசி வரி உள் சுற்றறிக்கையில் மட்டும் இருந்தது.

விழா நாளன்று மதியம், ஆணையத்தின் அலைக் கண்காணிப்பு வண்டியின் இன்ஸ்பெக்டரம்மா தன் வீட்டில் நாத்தனாரிடம் வசமாக மாட்டிக்கொண்டிருந்தார். நாத்தனாருக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை. ஒரு வாரமாக, பொழுது சாய்ந்தால் போதும், அவளுடைய வயர்லெஸ்ஸில் யாரோ காதுக்குள் சருகை மிதிப்பதுபோல் ஓர் இரைச்சல்.

“அண்ணி, ஊர்ல எவன் தும்மினாலும் லைசென்ஸ் கேக்குற ஆபீஸ் உங்களுது. இதை மட்டும் கண்டுபிடிக்க முடியலையா?”

“தேடிக்கிட்டுத்தானே இருக்கேன்?”

“நேத்து ஒருத்தருக்கு நெஞ்சு வலி. தெருவைச் சொல்றேன், வீட்டைச் சொல்றேன், வண்டிக்கு ஒண்ணுமே கேக்கல. பக்கத்து வீட்டுக்காரர் தன் கார்ல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடினதால மனுஷன் பொழச்சாரு. இன்னைக்கும் சாயங்காலம் நான்தான் டியூட்டி. பக்கத்து வீட்ல கார் இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க, சொல்லுங்க.”

ஒரு வாரமாகத் தேடியும் அந்த இரைச்சல் இன்ஸ்பெக்டரம்மாவின் கையில் சிக்கவில்லை. அது அவருக்குப் பழக்கமில்லாத நிலைமை. திருட்டு எஃப்.எம். நடத்திய ஒருவன் இரண்டாவது பாட்டைப் போடுவதற்குள் அவன் வீட்டுக் கதவைத் தட்டியவர் அவர். ‘நான் பிடிக்காத அலை கடல்லதான் இருக்கு’ என்று அவர் சொல்லிக்கொள்வதுண்டு. தற்பெருமைதான், ஆனால் சரக்கு உள்ள தற்பெருமை.

அந்த வாரம் சரக்கு வேலை செய்யவில்லை. ஆணையத்துக்கு எதிரே இருக்கும் பல் டாக்டரின் துளைக்கும் இயந்திரத்தைச் சந்தேகப்பட்டு, நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருக்க, அதை நிறுத்திவைத்துப் பார்த்தார். தையற்கடை மோட்டார்களை ஓயவைத்தார். டியூஷன் சென்டரில் குழல்விளக்குகளை அணைத்தார். பிள்ளைகள் மட்டும் அவரை வாழ்த்தினார்கள். இரைச்சல் அசையவில்லை.

மாலையாகிவிட்டது. நாத்தனார் டியூட்டிக்குப் போய்விட்டாள். வழக்கமாக ஆணைய முற்றத்திலிருந்து கிளம்பும் கண்காணிப்பு வண்டி, அன்று விழாவை முன்னிட்டு இன்ஸ்பெக்டரம்மாவை அழைத்துப்போக வீட்டு வாசலுக்கே வந்தது. ஓட்டுநருக்கு அலுவலகத்தில் ‘மெதுவடை’ என்று பெயர். உருவத்தால் அல்ல, வேகத்தால்.

“ஏறுங்க மேடம். அமைச்சருக்கு முன்னாடி போய்ச் சேரணுமாம்.”

“நீங்க ஓட்டினா அடுத்த அமைச்சருக்கு முன்னாடிதான் போவோம்.”

உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் அலை தேடும் கருவியைப் போட்டார். வண்டி கிளம்புமுன் நிற்கும் இடத்தின் காற்றைக் கருவிக்குக் காட்டி, ‘இது சுத்தம், இங்கே கேட்பதெல்லாம் கணக்கில் வராது’ என்று கற்றுக்கொடுக்க வேண்டும். அதை ஆணைய முற்றத்தில்தான் செய்ய வேண்டும் என்பது விதி. ஆணையத்தைவிடச் சுத்தமான காற்று வேறெங்கே இருக்க முடியும் என்று விதியை எழுதிய குழு நம்பியது. அந்தக் குழு கூடியதும் ஆணையத்தில்தான். அன்று அவர் அதைத் தன் தெருவில் செய்தார்.

கடைவீதி திரும்பியதும் முள் துடித்தது. ஸ்பீக்கரில் சருகுச் சத்தம்.

“அண்ணே, மெதுவா போங்க.”

முதன்முறையாக இதைக் கேட்ட மெதுவடை நெகிழ்ந்துபோனார்.

பாலம் தாண்டியதும் சத்தம் ஏறியது. ஆணையத் தெருவில் நுழைந்ததும் காதைப் பிய்த்தது.

“மேடம், இது நம்ம ஆபீஸ்லேர்ந்து...”

“வாயை மூடுங்க. தப்பா இருக்கும். இன்னொரு சுத்து வாங்க.”

சுற்றினார்கள். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஆன்டெனா வாசல் வளைவையே காட்டியது. அங்கே வெல்வெட் திரைக்குள் பலகை எரிந்துகொண்டிருந்தது. ஒரு வாரமாகவே இருட்டும் நேரத்தில் அது அப்படித்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. ஆணைய முற்றத்தில், இரைச்சலின் மடியில் உட்கார்ந்துகொண்டு, இதெல்லாம் கணக்கில் வராது என்று கருவிக்குத் தினமும் அவரே பாடம் நடத்தியிருக்கிறார்.

மேடையில் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘முன்னுரை’. அதைத் தாண்டி அவர் பேச்சு போனதே இல்லை. “இந்த ஆணையத்தின் கண்ணிலிருந்து எவரும் தப்ப முடியாது” என்று அவர் முழங்கியபோது, இன்ஸ்பெக்டரம்மா விழாவுக்கான நல்ல உடையில், கழுத்தில் ஹெட்போன் தொங்க, மேடையேறி அவர் காதருகே குனிந்தார்.

“சார், அந்த ஆம்புலன்ஸ் இரைச்சல் நம்ம பலகைதான். அணைக்கணும்.”

“விழா முடியட்டும்மா.”

“உங்க விழா முடியும். அதுக்குள்ள எவனாவது முடிஞ்சிருவான்.”

“அமைச்சர் உக்காந்திருக்காரு! என் மானம் போகும்!”

“சட்டப்படி கட்டடத்துக்குப் பொறுப்பாளர் நீங்க, சார். நோட்டீஸ் உங்க பேர்லதான். ஆட்சேபணை இருந்தா மேல்முறையீடு பண்ணலாம்.”

“யார்கிட்ட?”

“தலைவர்கிட்ட.”

தலைவர் அமைச்சரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தார். அதில் விழாவின் களை எதுவும் இல்லை. இந்த மனிதரைப் பற்றிக் கேலியாக எழுத நிறைய இருக்கிறது, எழுதியும் வந்திருக்கிறோம். ஆனால் அடுத்து அவர் செய்ததை அப்படியே சொல்லியாக வேண்டும்.

“நான் மனு போட்டா நானே தள்ளுபடி பண்ணிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்” என்றார். மைக்கை அமைச்சரின் கையில் கொடுத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். “சுவிட்சு எங்கய்யா?” என்று கூட்டத்துக்கு நடுவே கத்தினார். காவலாளி கைகாட்டிய இடத்துக்கு வேட்டை நாய்போல் ஓடி, தன் கையாலேயே அணைத்தார்.

இன்ஸ்பெக்டரம்மாவின் போன் உடனே அடித்தது.

“அண்ணி! என்ன பண்ணீங்க? கண்ணாடி மாதிரி கேக்குது! ஒரு பிரசவ கேஸ், வீட்டு அடையாளம் சொல்றேன், டிரைவர் திருப்பிச் சொல்றாரு! இருங்க, வெச்சிடறேன்.”

பாராட்டு அவ்வளவுதான். நாத்தனார் தரப்பிலிருந்து அதுவே அதிகம்.

தலைவர் மூச்சிரைக்க மேடைக்குத் திரும்பி மைக்கை வாங்கினார். “எவரும் தப்ப முடியாதுன்னு சொன்னேன். நாங்களே மாட்டிக்கிட்டோம். நன்றி, வணக்கம்.” அவர் வாழ்நாளிலேயே மிகச் சிறிய உரை அது. கைதட்டல் அடங்கவே நேரமானது. கும்மிருட்டாக இருந்த பலகையின் திரையை அமைச்சர் புன்னகையோடு விலக்கினார். இன்ஸ்பெக்டரம்மா ஏணி போட்டு ஏறி அதற்கு முத்திரை வைத்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் தலைவர்.

முத்திரை இன்னும் பிரிக்கப்படவில்லை. இருட்டிய பிறகு ஆணையத்துக்கு யாராவது வழி கேட்டால், பல் டாக்டர் போர்டுக்கு எதிரே என்று சொல்கிறார்கள்.