குப்புறக் கிடந்த பலகை

பதினோரு வாரமாக அந்த வீட்டில் யாரும் மேசையில் சாப்பிடவில்லை. தட்டு மடியில், தண்ணீர் ஜன்னல் விளிம்பில். சாப்பாட்டு மேசை முழுக்கக் குப்புறக் கிடந்தது ஒரு பழைய பின்பால் மெஷினின் பலகை. சரிவான பலகையில் உருண்டு வரும் இரும்புக் குண்டு கீழே விழாமல், இரண்டு பக்கப் பொத்தான்களை அழுத்தி இரண்டு சின்னத் துடுப்புகளால் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான். கூத்தெல்லாம் அடியில்: பல்புகள், காயில்கள், எலி தின்றது போக மிச்சமிருந்த வயர்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அசரவில்லை. வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல், வயர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைச் சொருகிவிடுவார். பழைய வயர் தொட்டாலே பொடிந்தது. எது எங்கே போகிறது என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டிப் புதிது இழுத்தார். மேல்பக்கம் தேய்ந்த பெயிண்டைத் தொட்டுத் தொட்டுத் தீட்டி வார்னிஷ் அடித்தார். பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை என்பது மனைவியின் கட்சி.

மனைவிக்குத் தெருமுனையில் முடி வெட்டும் கடை. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து மடியில் தட்டு வைத்துச் சாப்பிடுகிறவளுக்கு எவ்வளவுதான் பொறுமை இருக்கும்?

“ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் டைம். அதை ஓட வைங்க, என்னை ஜெயிச்சும் காட்டுங்க. தோத்தீங்கன்னா பழைய இரும்புக்காரர்தான். நம்பர் வாங்கி வச்சுட்டேன்.”

“நீ இதைத் தொட்டதே இல்லையே!”

“அதனாலதான் பந்தயம். பாவம்னு பார்த்தேன்.”

காலேஜ் நாட்களில் வகுப்பைவிடப் பின்பால் ஆடும் கடையில் அதிகம் இருந்தவர் அவர். தோற்பதாவது! ஆனாலும் இரும்புக்காரரின் சுத்தியலை நினைத்து, அன்றிலிருந்து ராத்திரி ஒரு மணிவரை வேலை பார்த்தார்.

ஞாயிறு பதினொன்றே முக்காலுக்குக் கடைசிப் பற்றவைப்பு முடிந்து, பலகை நிமிர்ந்து மெஷின் பெட்டிக்குள் ஏறியது. நடுவர், மனைவியின் தம்பி. மெஷினை மாடிக்குத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்ட புண்ணியவான். சுவிட்சைப் போட்டதும் அத்தனை பல்பும் எரிந்தன. மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆளுக்கு மூன்று குண்டு. முதல் குண்டு இடப்பக்கம் வந்தது. இடது பொத்தானை அழுத்தினார். வலது துடுப்பு துள்ளியது. குண்டு போயே போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே.

“என்ன மாமா, அங்க வந்தா இங்க தட்டுறீங்க?” என்றான் மச்சான்.

அப்போதுதான் உறைத்தது. பலகையைக் குப்புறப் போட்ட பிறகு, தன் கைப்பக்கம் பார்த்து இடது வலது என்று சீட்டு எழுதியிருந்தார். நிமிர்த்தியதும் எல்லாம் பக்கம் மாறிவிட்டது. மேலே, கீழே என்பதில் வாழ்நாளில் தவறாத மனிதர்! மூன்றாவது குண்டுக்கு விஷயம் தெரிந்தும் விரல் பேச்சுக் கேட்கவில்லை. மொத்தம் நானூறு புள்ளி.

மனைவி முதல் குண்டைக் கோட்டைவிட்டாள். “ஓ, பக்கம் மாறியிருக்கா?” என்றாள். அடுத்த குண்டு இறங்கவே இல்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எண்கள் ஒன்பதாயிரத்தைத் தாண்டின.

“எப்படிக்கா?” தம்பி வாயைப் பிளந்தான்.

“இருபது வருஷமா கண்ணாடியைப் பார்த்துதானேடா முடி வெட்டுறேன்? எனக்கு எல்லாமே மாறித்தான் தெரியும்.”

மெக்கானிக் துணியை எடுத்து மெஷினின் மேல்கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

“சரி, பேச்சு பேச்சுதான். அந்த நம்பரைக் குடு.”

“எந்த நம்பர்? நகருங்க, இன்னொரு ஆட்டம் ஆடிக்கறேன். நாளைக்கு இதைக் கடைக்குக் கொண்டு போயிடலாம். காத்திருக்கிறவங்க சும்மாதானே உட்கார்ந்திருக்காங்க.”

“மறுபடியும் நான் தூக்கணுமா?” தம்பி இடுப்பில் கை வைத்தான்.

மெக்கானிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார். “பத்தே நிமிஷம். அந்த ரெண்டு வயரை மட்டும் மாத்திக் குடுத்துடறேன்.”

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“கை வச்சீங்க, அவ்வளவுதான்!”