வடக்கே திரும்பிய கட்டில்

சாந்தம்மாளுக்குப் பேரில் இருக்கும் சாந்தம் குணத்தில் கிடையாது. அன்று காலை கூழ்ச் சட்டியோடு முற்றத்துக்கு வந்தவள், புளியமரத்தடிக் கட்டில் வடக்கே பார்த்துத் திரும்பியிருப்பதைக் கண்டு திக்கென்று நின்றாள். ஒரு மாதமாக வெறும் பேச்சாக இருந்ததைப் புருஷன் இன்று செய்யத் துணிந்துவிட்டார்.

ஜீவானந்தம் மலைப்பள்ளியில் முப்பது வருஷம் சரித்திரம் நடத்தியவர். இனிப் பார்வை திரும்பாது என்று வேலூர் டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் ஒரே பாடம்தான். மானம் போனதென்று அந்தக் காலத்து ராஜாக்கள் வடக்கே பார்த்து உட்கார்ந்து, பட்டினி கிடந்து உயிரை விட்டார்களாம். குகைகளில் தவமிருந்த சமண முனிவர்களும் சாப்பாட்டை விட்டுத்தான் போனார்களாம்.

"கோவம் இல்ல, துக்கம் இல்ல சாந்தா. யோசிச்சு எடுத்த முடிவு. புத்தி தெளிவா இருக்கும்போதே போறது தப்பில்ல."

நாற்பத்தைந்து வருஷத்தில் அவள் இந்த மனுஷனை வாதத்தில் ஜெயித்ததே இல்லை. அழுதால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

"ஏன் வாத்தியாரே, அந்த முனிவருங்க அவங்கபாட்டுக்குப் போய் உக்காந்துக்குவாங்களா? யாரையும் கேக்க மாட்டாங்களா?"

பொய் சொல்லத் தெரியாதவர். "கேக்கணும். குரு உத்தரவு குடுக்கணும். வூட்டு ஜனங்ககிட்டயும் கேட்டு வாங்கணும்" என்றார்.

"எங்கிட்ட இன்னும் கேக்கலியே நீங்க?"

வாத்தியார் வகுப்பில் நிற்பதுபோல் நிமிர்ந்து, "போகட்டுமா?" என்றார்.

"முடியாது."

"காரணம்?"

"காரணம் சொல்றது உங்க வேலை. எனக்கு நீங்க வேணும், அவ்ளோதான்." கூழ்ச் சட்டியைக் கட்டிலோரம் வைத்தாள். "கோவமில்ல, துக்கமில்லன்னீங்க. பயமில்லன்னு சொல்லலியே?"

"இருக்கு" என்றார். "ஒண்ணுத்துக்கும் ஆகாம கெடப்பேனோன்னு பயமா இருக்கு."

சாந்தம்மாள் முற்றத்து ஓரமாக இருந்த புளிக்கூடையை அவர் காலடிக்கு இழுத்துப் போட்டாள். "உத்தரவு வர்ற வரைக்கும் இன்னாத்துக்கு சும்மா உக்காந்துனு? கொட்டை எடுங்க."

கொட்டை எடுக்கக் கண் எதற்கு? முதலில் நாரையும் சேர்த்துப் போட்டு நன்றாகத் திட்டு வாங்கினார். உச்சி வெயில் ஏறுவதற்குள் விரல்கள் பழகிவிட்டன. கூடை காலியானதும், கூழ் ஆறிவிட்டதென்று அவளையே குறை சொல்லிக்கொண்டு குடித்தார்.

"நாளைக்கும் கேப்பேன்."

"கேளுங்க. யாரு வேணாம்னது?"

விடாமல் கேட்டார். தினமும் விடிந்ததும், "போகட்டுமா?" அவளும் அடுப்பிலிருந்து திரும்பாமலே, "இன்னிக்கு இல்ல" என்பாள். புளி முடிந்து வேர்க்கடலை வந்தது. அதையும் அவர்தான் உரித்தார்.

ஆடியில் ஒருநாள் விடியற்காலை எழுந்ததும், சாமை விதையை வெயிலில் காயவைத்தாயா, நேற்றே சொன்னேனே என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். இரண்டு கிண்ணம் கூழ் குடித்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

"இன்னிக்கு இல்ல" என்ற பதில் அவள் நாக்கு நுனியிலேயே நின்றது. அவர் கேட்கவில்லை. கேட்க மறந்தே போயிருந்தார்.

அவளும் ஞாபகப்படுத்தவில்லை. உள்ளே போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள். அப்புறம் தனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டு வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தாள்.