மூன்று தொட்டிப் புதினா

எங்கள் பெஹாலா ஃப்ளாட்டின் மொட்டை மாடியில் மூன்று தொட்டிகளில் புதினா வைத்திருந்தேன். ஒன்று சட்னிக்கு, சாதாரணப் புதினா. இன்னொன்று எலுமிச்சை வாசனை அடிப்பது, டீக்கு. மூன்றாவது பெப்பர்மின்ட், காலிம்பாங் மலையிலிருந்து கொண்டு வந்தது. இந்த ஊர் வெயில் அதற்கு ஆகாது. தண்ணீர் டாங்க் நிழலில் வைத்து, சுற்றிலும் ஈரச் சாக்கு கட்டி இரண்டு கோடை காப்பாற்றினேன்.

என் மனைவி கீதாஞ்சலிக்காகத்தான். கீமோ ஆரம்பித்ததிலிருந்து சமையல் வாசனை வந்தாலே அவளுக்குக் குமட்டும். பெப்பர்மின்ட் இலை நாலைக் கசக்கி வெந்நீரில் போட்டுக் குடித்தால் அரை மணி நேரம் வயிறு அடங்கும். அதற்குள் சாப்பிட வைத்துவிட வேண்டும்.

மார்ச்சில் சிகிச்சைக்காக வேலூர் போனோம். கிளம்புகிற அவசரத்தில் எதிர் ஃப்ளாட் தமயந்தியிடம், "மாடியில புதினா இருக்கு, தண்ணி மட்டும் ஊத்துங்கோ. வேணுங்கறதைப் பறிச்சுக்கோங்கோ" என்றேன்.

கையோடு கொண்டுபோன இலை பத்து நாளில் தீர்ந்துவிட்டது. நாற்பது நாள் கழித்துத் திரும்பும்போது ரயிலில் கீதா பிஸ்கட்டைக்கூடத் தொடவில்லை. "ஆத்துக்குப் போனதும் முதல்ல அந்தத் தண்ணி" என்றாள்.

பெட்டியை வாசலில் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். மூன்றாவது தொட்டியில் சட்னிப் புதினா தளதளவென்று நின்றது. பின்னாலேயே தமயந்தி வந்தாள்.

"பாத்தேளா சார், எப்படி வந்திருக்குன்னு! உங்க பழசு இருக்கே, வதக்கித் துவையல் அரைச்சேன், ஒரே கசப்பு. இவர் தட்டைத் தள்ளிட்டு, 'என்னடி, பல்பொடியை அரைச்சியா'ங்கறார்." சிரித்தாள். "செடிக்கு ஏதோ நோய்னு வேரோட பிடுங்கிப் போட்டுட்டேன். கரியாஹாட் மார்க்கெட்லேர்ந்து நல்ல கட்டா பாத்து வாங்கி நட்டேன்."

"எப்போ பிடுங்கினேள்?"

"நீங்க போன நாலாம் நாளே."

அப்படியே கரியாஹாட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். வங்காளிச் செடிக்காரர் ஒரு தொட்டியை நீட்டி, "தாதா, இதுதான் புதினா" என்றார். இது இல்லை, பெப்பர்மின்ட் என்றேன். "அதுவா? குளிர்காலத்துல வாங்க."

வீட்டுக்கு வந்து கீதாவிடம் சொன்னேன்.

"அவளை ஏதாவது சொன்னேளா?"

"இல்லை."

"சொல்லாதீங்கோ. நாமளும் வெறுமனே புதினான்னுதானே சொன்னோம்."

"நாம இல்லை. நான்."

அவள் மறுக்கவில்லை. ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து கொண்டுவந்தேன். புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"எடுத்துண்டு போங்கோ."

எடுத்துக்கொண்டு போனேன்.